மோவாய் இல்லாதவரின் பற்கள்

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

பெட்டியைத் திறந்ததும் உடைந்த தாடையைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். பயப்படாதீர்கள், வெறும் பிளாஸ்டர்தான். போனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டீர்கள், நேரில் வந்தால் கதவைத் திறக்கமாட்டீர்கள். ஆனால் உடைந்த பல்லைப் பார்த்தால் உங்கள் கை சும்மா இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் இப்போது ஒரு அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறேன். எலும்புக்கூடுகளை இரும்புக் கம்பியில் கோத்து நிறுத்துவது என் வேலை. இந்தத் தடவை வந்திருப்பவர் ஒரு நியாண்டர்தால் மனிதர். ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு குகையில் செத்துப்போனவர். அசல் எலும்புகள் வேறொரு தேசத்தில் பூட்டிக் கிடக்கின்றன, எங்களிடம் இருப்பது அவற்றின் அச்சு. உச்சி முதல் பாதம் வரை ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. கீழ்த்தாடையை நான்தான் கை தவறிப் போட்டேன். பதினொரு துண்டு. புது அச்சு கேட்டால் எட்டு மாதம் ஆகும் என்கிறார்கள். ஜூன் பத்தாம் தேதி திறப்பு விழா. தாடை இல்லாமல் ஒருவரை எப்படி நிறுத்துவது?

உடைந்த பல் செட்டை ஒட்டு தெரியாமல் ஒட்ட உங்களைவிட்டால் எனக்கு வேறு யாரையும் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஊரே பார்க்க உங்கள் வாசலில் நின்று கத்தியது தப்பு. கத்திய விஷயம் தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. பொய்யாக மன்னிப்புக் கேட்டால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அண்ணன் எப்படி இருக்கிறார்?

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

பார்சல் வந்தது. பதினொரு துண்டு என்று எழுதியிருந்தாய். எண்ணினேன், பன்னிரண்டு. ஒரு பல் தனியாகக் கழன்று பஞ்சுக்குள் ஒளிந்திருந்தது. மூன்று வருஷத்தில் நீ கொஞ்சமும் மாறவில்லை.

ஒட்டிவிட்டேன். இரண்டு இடத்தில் விளிம்பு ஒழுங்காகச் சேரவில்லை, உரசிச் சேர்த்தேன். கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் தேவையில்லாமல் ஒரு இடைவெளி இருந்தது. அச்சு எடுத்தவன் அரைத் தூக்கத்தில் எடுத்திருப்பான். பின்பக்கத்தை முன்னால் நகர்த்தி அதை மூடிவிட்டேன். மோவாய்க்கட்டை உன் பன்னிரண்டு துண்டிலும் இல்லை. நீ கூட்டிக் குப்பையில் போட்டிருப்பாய். புதிதாகச் செய்து ஒட்டியிருக்கிறேன்.

வேலை என்பதால் செய்தேன். வேறு எதுவும் இதற்கு அர்த்தம் இல்லை.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார்.

அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு,

ஒட்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், கிடைக்கவில்லை. மிக்க நன்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்து எழுதப் போவது உங்களுக்குப் பிடிக்காது.

தாடையை மண்டையோட்டில் மாட்டினேன். கீழ்ப்பல் மேல்பல்லைத் தொடவே இல்லை. சுண்டுவிரல் அகலத்துக்குப் பின்னால் தங்கிவிட்டது. அதோடு அந்த அழகான மோவாய். எங்கள் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க, பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கக் கிளம்பிட்டாரா?” என்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது, அதற்கும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தப்பு உங்களுடையது இல்லை, நான் சொல்லாமல் விட்டது. இவர்களுக்கு மோவாய் கிடையாது அண்ணி. உதட்டுக்குக் கீழே எலும்பு நேராக இறங்கிப் பின்னால் சரிந்துவிடும். முகத்தின் நடுவை யாரோ மூக்கைப் பிடித்து முன்னால் இழுத்த மாதிரி இருக்கும், பல் வரிசையும் அதோடு முன்னால் போய்விடும். அதனால்தான் கடைசிப் பல்லுக்குப் பின்னால் அந்த இடைவெளி. நீங்கள் அக்கறையாக அடைத்தது அதைத்தான். இவர்களை அடையாளம் காணவே ஆய்வாளர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அது ஒன்று.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. முதல் வாரம் விலா எலும்புகளைக் கோத்தபோது, கீழ் விலாக்கள் இவ்வளவு அகலமாக விரிகின்றனவே, கம்பியைத் தப்பாக வளைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று அமுக்கி அமுக்கி நம் இடுப்பு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இவர்கள் நெஞ்சு கீழே போகப் போக விரியும் என்று அப்புறம்தான் படித்தேன். முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் எலும்பு நம்மைவிடக் குட்டை. தொடை எலும்பு லேசாக வில்லாக வளைந்து, கனத்து இருக்கும். புருவத்துக்கு மேல் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே எலும்பு மேடு. பின்மண்டையில் கொண்டை போட்டது போல ஒரு புடைப்பு. நம் உடம்பை மனதில் வைத்துக்கொண்டு இவரைத் தொட்டால் எல்லாமே பிசகாகத்தான் தெரிகிறது.

தாடையோடு அளவுகளும் படங்களும் பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்ப்பீர்களா? கோபம் வந்தால் தாடையை மட்டும் திருப்பி அனுப்புங்கள், வசவை இன்னொரு நாள் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

நாத்தனாருக்கு,

கடிதத்தைப் படித்து முதலில் எரிச்சல் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வாயைச் சரிசெய்து சாப்பிடுகிறவள் நான். பிறகு நீ அனுப்பிய படத்தைப் பரிசோதனைக்கூடத்தில் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. கடைசிப் பல்லுக்குப் பின்னால் விரல் நுனி நுழைகிற இடம் அவருக்கு உண்டு.

எப்படித் தப்பு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் எந்தப் பல் செட்டையும் செய்ததில்லை. மேல்தாடையையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பித்தளைக் கீல் ஒன்றில் மாட்டி, திறந்து மூடிப் பார்த்துத்தான் செய்வோம். அந்தக் கருவிக்கு எங்கள் கூடத்தில் ‘வாய்’ என்றே பெயர். உன்னிடம் மேல்தாடையைக் கேட்க வேண்டுமென்றால் இன்னொரு கடிதம் எழுத வேண்டும். அந்த வீம்பில் கேட்காமல் விட்டேன். வீம்பு என்னுடையது, மோவாய் முளைத்தது அந்தப் பாவப்பட்ட கிழவருக்கு.

நீயே உரசிச் சரிக்கட்டாமல் திருப்பி அனுப்பினாயே, அதற்கு நன்றி. பலர் அப்படிச் செய்வதில்லை.

மேல்தாடையை அனுப்பு. இந்தத் தடவை ஐந்து தடவை எண்ணிப் பார்த்து, பஞ்சு வைத்துக் கட்டு.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

மேல்தாடை இதனுடன் வருகிறது. ஒரே துண்டு. ஐந்து தடவை எண்ணிவிட்டேன்.

கூடவே ஒன்று சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியது, கை வரவில்லை. இவருடைய வலது மேல்கை எலும்பு இடதில் பாதிதான் கனம் இருக்கிறது. நடுவில் இரண்டு இடத்தில் உடைந்து, கோணலாகக் கூடி, பிறகு பல வருஷம் உபயோகம் இல்லாமல் சூம்பிப்போயிருக்கிறது. வாலிப வயதில் உடைந்திருக்க வேண்டும், நாற்பதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். பெட்டியைப் பிரித்து அந்த எலும்பை எடுத்தபோது எனக்கு அண்ணன் நினைவு வந்து, மறு கையில் இருந்ததை மறந்துவிட்டேன். தாடை விழுந்தது அப்போதுதான்.

எங்கள் பொறுப்பாளர் இவரை எப்படி வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். சுவரில் சாய்ந்து படுத்திருப்பார், பக்கத்தில் ஒரு பெண் உருவம் அவர் வாயருகே உணவை நீட்டிக்கொண்டிருக்கும். கை விளங்காதவரை இத்தனை வருஷம் யாரோ ஊட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது பார்க்க வருகிறவர்களுக்குப் புரிய வேண்டுமாம். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

பிடித்திருப்பதால் இதையும் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு நான் உங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தபோது அண்ணன் தையல் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பைக் சறுக்கி விழுந்து, தோள் நரம்பு அறுந்து, வலது கை துணிப்பை மாதிரி தொங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. துணியின் ஒரு முனையைப் பல்லில் கவ்வி, மறுமுனையை முழங்காலுக்குக் கீழே அழுத்தி, இடது கையில் கத்தரிக்கோலோடு திண்டாடிக்கொண்டிருந்தார். எச்சில் துணியில் வழிந்தது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “கை விளங்காத மனுஷன நாய் மாதிரி கவ்வ வச்சு வேல வாங்குறீங்களே” என்று வாசலில் நின்று நான் கத்தினேன். அண்ணி, ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி செய்ததை நீங்கள் ஏன் செய்யவில்லை?

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 2

சில்வண்டுக்கு,

பழைய பட்டப்பெயரில் கூப்பிட்டிருக்கிறேன். திட்டப் போவதில்லை என்று அதிலேயே தெரிந்திருக்கும். ஒரு வாரம் பேனாவைத் தொடாமல் இருந்தேன். அதற்குப் பதிலாக உன் கிழவரின் பல்லைப் பார்த்தேன்.

இரண்டு தாடையையும் ‘வாய்’ கருவியில் மாட்டினேன். இடைவெளியைத் திறந்து, மோவாயை உடைத்தெறிந்து, நான் உரசிய இடத்தில் புதுப் பிளாஸ்டர் வைத்தேன். அதை வேறு நிறத்தில் விட்டிருக்கிறேன். பிற்பாடு பார்க்கிறவன் ஏமாறக் கூடாது. மூடினேன். இந்தத் தடவை பல் எல்லாம் ஒன்றோடொன்று கனகச்சிதமாக உட்கார்ந்தன.

கடைவாய்ப்பற்களில் தேய்மானம் அவர் வயதுக்குச் சரி. முன்பற்கள் அப்படி இல்லை. மேலும் கீழும் பாதி உயரத்துக்குத் தேய்ந்து, வெளிப்பக்கமாக உருண்டு சரிந்திருக்கின்றன. சாப்பிடுவதால் முன்பல் இப்படித் தேயாது. கவ்வி இழுத்தால்தான் தேயும். அடுத்து, பல்லின் உதட்டுப் பக்கத்தில் மெல்லிய கீறல்கள். அச்சு எடுத்தவனைத் தூக்கத்தில் எடுத்தான் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், ஒரு கோடு விடாமல் எடுத்திருக்கிறான். எதையோ கவ்வி அறுக்கும்போது கல்கத்தி வழுக்கிப் பல்லில் பட்ட தடங்கள் அவை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. வலது கையில் கத்தியைப் பிடித்துப் பார்த்தேன், அந்தச் சாய்வு வரவில்லை. இடது கைக்கு மாற்றினேன், வந்தது.

இப்போது யோசித்துப் பார். விலங்குத் தோலின் ஒரு முனை பல்லில். கத்தி இடது கையில். வலது கை கிடையாது. மறுமுனையை யார் பிடித்தது? பாதமோ முழங்காலோதான் பிடித்திருக்க வேண்டும். இதை நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்கவில்லை. தினமும் காலையில் எட்டு மணிக்கு என் வீட்டு முன்னறையில் பார்க்கிறேன்.

அவரை யாரும் ஊட்டிக் காப்பாற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. எலும்பு கூடும் வரை யாரோ செய்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவரை வேலை செய்ய விட்டிருக்கிறார்கள். பல் இந்த அளவு தேய இருபது வருஷமாவது ஆகும்.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ கத்திவிட்டுப் போன அன்று உன் அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஒன்பது நாள் தொடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, “அவளை இனிமே இங்க வர வேணாம்னு சொல்லிடு. அவ பாக்குற பார்வையிலேயே நான் நோயாளி ஆயிடுறேன்” என்றார். சொன்னது அவர். நான் என் வாயால் சொன்னேன், என் பெயரில் சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்றார் என்று தெரிந்தால் நீ உடைந்து போவாய். அண்ணி விரட்டினாள் என்றால் என்னைத் திட்டிக்கொண்டாவது நடமாடுவாய். அப்படித்தானே நடந்தது?

அந்தத் துணியைப் பிடிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் ஓடி ஓடிப் பிடித்தேன். அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், “நீ பிடிச்சா நான் தையக்காரன் இல்ல, உன் எடுபிடி.” அதற்கப்புறம்தான் கையைக் கட்டிக்கொண்டேன்.

தாடை இரண்டும் வருகின்றன. பத்திரம்.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

கடிதத்தை முதலில் வேலை மேசையருகே நின்றுகொண்டு படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதை எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். நீங்கள் சொன்ன கீறல்களை எங்கள் எலும்பு ஆய்வாளர் அம்மாவிடம் காட்டினேன். நுண்ணோக்கியில் அரை மணி நேரம் பார்த்தார். இந்த மனிதர்கள் முன்பல்லை மூன்றாவது கையாக வைத்திருந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதானாம். இவருடைய கீறல் இடது கைக்காரருடையது, அதைச் சூம்பிய வலது கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லையாம். “இத யாரு பாத்தது?” என்று கேட்டார். “எங்க அண்ணி, பல் செட் செய்றவங்க” என்றேன். சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொறுப்பாளர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது இறங்கி வந்துவிட்டார். நம்மாள் படுக்கப் போவதில்லை. உட்கார்ந்து தோலை அறுக்கப் போகிறார். பக்கத்துப் பெண் உருவத்தின் கையில் உணவு இல்லை, அவளும் அவளுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி என் விஷயம். அண்ணனை நாய் என்று சொன்னது உங்களைத் திட்டுவதற்காக. அது அவர் காதில் விழும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பல்லில் துணியோடு இருந்ததால் அவரால் பதில்கூடச் சொல்ல முடிந்திருக்காது. என்னை வர வேண்டாம் என்று சொன்னது அவர்தான் என்று படித்தபோது நெஞ்சு அடைத்தது. மூன்று வருஷம் நீங்கள் அந்த அடைப்பை எனக்கு வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பதிலுக்கு உங்களை எத்தனை பேரிடம் கல்நெஞ்சக்காரி என்று சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

நன்றி அண்ணி. என் வசவை வாங்கிக்கொண்டதற்கு. அதைவிட, அந்தத் துணியைப் பிடிக்காமல் நின்றதற்கு. அண்ணன் இன்றைக்கும் தையல்காரராக இருக்கிறார் என்றால் அதனால்தான்.

எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள், இந்தத் தடவை உங்கள் பெயரில் எழுத வேண்டாம்.

உங்கள் சில்வண்டு


ஏப்ரல் 25

சில்வண்டுக்கு,

உன் கிழவர் தோலைக் கவ்வ வேண்டுமென்றால் தாடை எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டாய். பூட்டிய வாயோடு அவர் எப்படிக் கவ்வுவார்? எனக்கும் தெரியாததால் உன் அண்ணனிடம் போய், “துணியக் கவ்வுங்க, வாய அளக்கணும்” என்றேன். இந்த மூன்று வருஷத்தில் அவர் கவ்வுவதைப் பற்றி இந்த வீட்டில் பேசியது அதுதான் முதல் தடவை.

“எதுக்கு?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். தாடை, மோவாய், சூம்பிய கை, கீறல், நீ. பாதியில் நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கடைசி வரை கேட்டார். பிறகு, “அப்ப எனக்கு முன்னாடியே ஒருத்தன் இதக் கண்டுபிடிச்சுட்டானா? நான் என்னமோ என் சொந்த யோசனைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்று சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் உன் கிழவரின் படத்தை வாங்கி, வலது கை எலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாப்பிட உட்காரும்போது அவராகவே சொன்னார், “வரட்டும். ஆனா எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. பாவம்னு ஒரு பார்வ பாத்தா அடுத்த வண்டிக்கே அனுப்பிடுவேன்.”

கவ்வும் அளவைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் மடித்த தோலின் கனம், அவ்வளவுதான். கூட்டாதே.

நீ சொன்ன நன்றிக்கு என் பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒருவர் திண்டாடும்போது உதவாமல் நின்றதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லவில்லை, என் அம்மா சொல்லவில்லை. உன் அண்ணனும் சொன்னதில்லை, அவரிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை. நீதான் சொன்னாய். உன் கடிதத்தை வேலை மேசை இழுப்பறையில் மெழுகுப் பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

வா.

அண்ணி


மே 9

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இன்று காலை முதல் வேலையாக நம்மாளின் தாடையை நீங்கள் கொடுத்த அளவுக்குத் திறந்து பூட்டினேன். கச்சிதம். காவலாளி வந்து பார்த்துவிட்டு, இந்தத் தடவை தன் துண்டின் நுனியை அதே மாதிரி கவ்விப் பார்த்துக்கொண்டே போனார்.

அங்கே இருந்தபோது உங்களிடம் சொல்ல வாய் வராத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

நான் வந்த மறுநாள் அண்ணன், “திறப்பு விழாவுக்கு என்ன போட்டுக்கப் போற? திரும்பி நில்லு, அளவெடுக்கறேன்” என்றார். அளவு நாடாவின் ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்தார். தோளிலிருந்து தோளுக்கு. நாடா நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார். இரண்டாவது தடவையும் விழுந்தது. அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் திரும்பி அந்த நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் கை பரபரத்தது. “கைய அசைக்காத” என்றார். கண்ணை மூடிக்கொண்டு, ‘அண்ணி மாதிரி கல்லாக நில், அண்ணி மாதிரி கல்லாக நில்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாடா மூன்றாவது தடவை விழுந்தபோது நீங்கள் எனக்கு முன்னால் வந்து நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். நான் அசைந்துவிடாமல் இருக்கத்தான் பிடிக்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன்.

பிறகுதான் கவனித்தேன். என் கையைவிட உங்கள் கைதான் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு அப்புறமும்.

உங்கள் சில்வண்டு